ஆறு வீட்டுப் பூனைக்கு ஒரு வேளை மருந்து

பிள்ளைகளே, மிருக வைத்தியத்துக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். முடிச்சுப் போடவும் தெரியும். உங்கள் பாடப் புத்தகங்கள் என் காலத்துப் புத்தகங்களைவிட நல்லவை, மருந்துகளும் அப்படியே. ஆகவே அறுவைச் சிகிச்சையைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது முடிந்து, பூனை பெட்டிக்குள் ஏறி, பெட்டி வீட்டுக்குப் போன பிறகு நடந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லப்போகிறேன். இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. என் வீட்டுக்காரர் "ஆரம்பிச்சிட்டியா?" என்று எழுந்து போய்விடுவார். நீங்கள் போக முடியாது, மாட்டிக்கொண்டீர்கள்.

பூனைக்குக் கருத்தடை செய்தால் வலிக்கும். இந்தச் சின்ன உண்மையை ஒத்துக்கொள்ளவே என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு ரொம்ப காலம் பிடித்தது. நாய் முனகும், பூனை முனகாது. மூலையில் குந்திக்கொண்டு, காதைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். நாம் அட்டையில் "அமைதியாக உள்ளது" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படி எழுதிய ஆள்தான். அது அமைதி இல்லை, வலி என்று புரிந்த நாளிலிருந்து எனக்கு ஒருவித வெறி பிடித்துக்கொண்டது. போகிற இடமெல்லாம் பூனையின் வலியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். மலையூரான தானா ராத்தாவில் என் கிளினிக்குக்குக் கோழிக்கு மருந்து வாங்க வந்தவர்கூட அதைக் கேட்காமல் போக முடியாது.

அந்தப் பிரசங்கம்தான் இந்தக் கதையில் குற்றவாளி.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, கியா பார்ம் என்ற இடத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கருத்தடை முகாம் போட்டோம். தோட்டத்துப் பொது மண்டபத்தில், ஒரு புதன்கிழமை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள் பூனைகளைத் துண்டில் சுற்றியும், பிஸ்கட் பெட்டியில் வைத்தும், கொழுந்துக் கூடையில் போட்டு மேலே சேலையால் கட்டியும் கொண்டுவந்தார்கள். "என்னா டாக்டரம்மா, எங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு சொன்னாங்க, இப்ப பூனைக்குமா?" என்று ஒரே கேலி. எனக்கு அந்த மாதிரிக் கூட்டம் என்றால் கொண்டாட்டம்.

ஒரு கறுப்பு வெள்ளைப் பெண்பூனையை ஐந்து பெண்கள் சேர்ந்து கொண்டுவந்தார்கள். "யாரோட பூனை, அக்கா?" என்று கேட்டேன். "எங்க பூனைதான்" என்று ஐந்து பேரும் சொன்னார்கள். சிரித்துவிட்டு, "வீட்டுல யாரு இருப்பாங்க?" என்றேன். முனியாண்டி அண்ணன் இருப்பார் என்றார்கள். லோரியில் அடிபட்டு ஒரு கால் சரியாக ஊன்ற முடியாமல் போனதிலிருந்து வேலைக்குப் போகாமல் இருப்பவர் அவர். படிவத்தில் அவர் பெயரை எழுதினேன். பூனையின் பெயர் கருப்பி என்று யாரோ சொன்னார்கள், அதையும் எழுதினேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் பூனைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது என் பிரசங்கம் தொடங்கியது. "பூனை கத்தாதுக்கா. கத்தலன்னா வலிக்கலன்னு நினைச்சிராதீங்க. நம்ம தலைவலி மாத்திரை ஒண்ணுகூடக் கொடுக்கக் கூடாது, அது பூனைக்கு விஷம். இந்தத் தண்ணி மருந்துதான். நாளைக் காலையில இருந்து மூணு நாளைக்கு, தினம் ஒரு வேளை, பசியாறுனதுக்கு அப்புறம், இந்தக் கோடு வரைக்கும். பாவம் அது, வாய் திறந்து கேக்காது. நாமதான் மறக்காம கொடுக்கணும்." பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் பெருமையோடு மருந்துப் புட்டியையும் ஊசியில்லாத சின்னக் குழலையும் பூனைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முனியாண்டி அண்ணனிடமிருந்து போன்.

"டாக்டரம்மா, கருப்பி எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துருச்சு. கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்கல."

காரை எடுத்தேன். பிரிஞ்சாங் ஏற்றத்தில் எனக்கு முன்னால் நான்கு காய்கறி லோரிகள். ஒவ்வொன்றையும் முந்தும்போது என்ன ஓடியது தெரியுமா மனசுக்குள்? என் முடிச்சு. உள்ளே நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து ரத்தம் கசிகிறது. வேறு எதுவும் தோன்றவில்லை. இதைக் கவனியுங்கள். தோட்டத்து நுழைவாயிலைத் தாண்டும் முன்பே நான் நோயைக் கண்டுபிடித்து முடித்துவிட்டேன், பூனையைப் பார்க்காமலே.

முனியாண்டி அண்ணன் வீட்டு வாசலில் பெட்டி இருந்தது. பூனை முதுகைக் கூனிக்கொண்டு, தலையைத் தோளுக்குக் கீழே தொங்கவிட்டிருந்தது. வயிற்றைத் தொட்டதும் இறுகியது. ஈறு வெளுத்திருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வயிற்றில் மெல்லிய ஊசியை இறக்கிப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை. ஊசியில் வராததால் உள்ளே ரத்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அது உங்களுக்கும் தெரியும்.

"அண்ணே, மருந்து எப்படிக் கொடுத்தீங்க?"

"நேத்துக் காலையில ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு. நீங்க போட்ட கோடு வரைக்கும். அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல டாக்டரம்மா, சாமி சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்த முகமும் இல்லை அது. ஆக, மருந்து இல்லை, முடிச்சுதான். என் உதவியாளர் நூருக்குப் போன் போட்டேன். இருபது வருஷமாக என்னோடு இருக்கிறவள், என் குரலை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொள்வாள். "மேசையைத் தயார் பண்ணு, மயக்க மருந்து எடுத்து வை, திரும்பத் திறக்கணும்" என்றேன். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். முனியாண்டி அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து முன்னிருக்கையில் ஏறிவிட்டார்.

"போற வழியில கொழுந்து நிறுக்குற நிறுவை இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவங்ககிட்டச் சொல்லாம தூக்கிட்டுப் போனா அப்புறம் நான் அந்த லயத்துல குடியிருக்க முடியாது."

"அண்ணே, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

"ஒரு நிமிஷம்தான், நிறுத்துங்க லா."

எரிச்சலோடு நிறுத்தினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

பத்து மணி நிறுவை. பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். காரைப் பார்த்ததும் முதலில் ஓடிவந்தது, பூனையைக் கொண்டுவந்த ஐந்து பேரில் ஒருத்தியான லெட்சுமி.

"ராணிக்கு என்னா?"

"ராணியா?" என்றேன்.

"இதுதான், எங்க ராணி. காலையில மருந்துகூட நல்லாத்தானே குடிச்சிச்சு?"

"யாரு கொடுத்தது?"

"நான்தான். பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போறதுக்கு முன்ன, ரெண்டு வாய் சாப்பிட வச்சு, கோடு வரைக்கும் சரியா இழுத்துக் கொடுத்தேன். நேத்தும் மறக்கல." பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய முகம் அவளுக்கு.

முனியாண்டி அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "நீ குடுத்தியா? நானும்தானே குடுத்தேன்?"

அதற்குள் பார்வதி வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மீனாவா? நான் அஞ்சே முக்காலுக்கே குடுத்துட்டேனே." அவளுக்குப் பின்னால் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் இந்தோனேசியப் பெண் சித்தி. அவளுக்கு அது மானிஸ். "சயா பூன் பாகி, டாக்டர்" என்றாள், நானும் கொடுத்தேன் என்று. ஓரமாக நின்ற ஒருத்தி பேசாமல் கையை மட்டும் தூக்கினாள். இந்தக் கூட்டத்தைக் கலைத்து வேலைக்கு விரட்ட வந்தார் கங்காணி அஞ்சலை. வந்தவர் பெட்டிக்குள் பார்த்தார், குரல் இறங்கிவிட்டது. "நானும் தினம் ஒரு வாட்டி குடுத்தேன் டாக்டரம்மா. நீங்க அவ்வளவு சொன்னீங்களே."

எண்ணிப் பாருங்கள். ஆறு பேர், இரண்டு நாள். பன்னிரண்டு வேளை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில், ஒருத்தி பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வரும் வழியில், ஒவ்வொருத்தியும் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்து, அக்கறையோடு கொடுத்திருக்கிறார்கள். மருந்தும் தேன் மாதிரி இனிப்பு. ஆறு வீட்டிலும் இன்னும் பசியாறாத மாதிரியே நடித்துப் பழகிய பூனை அது, மருந்துக்கும் வாயைத் திறந்திருக்கிறது.

பெட்டியின் மூலையில் இருந்த புட்டியை எடுத்து வெயிலில் பிடித்தேன். அடியில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. பிள்ளைகளே, அந்தப் புட்டி முனியாண்டி அண்ணன் வாசலிலேயே என் கண்ணுக்கு எதிரே இருந்தது. நான் தூக்கிப் பார்க்கவில்லை. என் முடிச்சைப் பற்றிய பயத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அப்படியே போய் வயிற்றைத் திறந்திருந்தால், ஏற்கெனவே அடிவாங்கிய சிறுநீரகத்தின் மேல் மயக்க மருந்தையும் ஏற்றி, நானே அதைக் கொன்றிருப்பேன்.

நூருக்கு மறுபடியும் போன். "மேசை வேண்டாம். டிரிப் போடத் தயாரா இரு."

லெட்சுமி கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களே கொன்னுட்டமா டாக்டரம்மா?"

"இல்லக்கா. நீங்க நான் சொன்னதத்தான் செஞ்சீங்க. நான்தான் கேக்க வேண்டியதக் கேக்கல" என்றேன். பூனை பிழைக்குமா என்று அவர்கள் கேட்டதற்கு, சிறுநீர் போனால் பிழைக்கும், போகாவிட்டால் கஷ்டம் என்று உண்மையைச் சொன்னேன். அளவுக்கு மீறிய அந்த மருந்து பூனையின் சிறுநீரகத்தைத்தான் முதலில் தாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் அன்று தெரிந்தது.

கிளினிக்கில் டிரிப் ஏறியது, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து ஏறியது, ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் சிரமப்படுகிறது என்று ரத்தம் சொன்னது, ஆனால் கைவிட்டுவிடவில்லை. பூனை இன்னும் கூனிக்கொண்டே இருந்தது. அதற்கு வலி. வெட்டின இடமும் வலிக்கிறது, இப்போது இரைப்பையும் வலிக்கிறது. வேறு வகை வலி மருந்து ஒன்று என் அலமாரியில் இருந்தது, சிறுநீரகத்தைத் தொடாத வகை. எடுத்தேன். நூர் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, வலி மருந்தாலதான் இது இப்படிக் கிடக்கு. இன்னொண்ணு வேணாம்மா. கொஞ்சம் வலிச்சாலும் உயிரோட இருக்கட்டும்."

எனக்கும் அதே ஆசை இருந்தது. மறைக்கவில்லை. ஒரு மருந்தால் சூடுபட்ட பிறகு எல்லா மருந்தையும் பூட்டிவைத்துவிடலாம் என்றுதான் கை சொல்லும். அப்படிப் பூட்டினால் யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள், அந்தப் பூனையும் சொல்லாது. அதுதான் கத்தவே கத்தாதே. ஆனால் பயந்தது நான். என் பயத்துக்கு அது ஏன் வலியில் கிடக்க வேண்டும்? "நூர், அளவை நீயும் ஒரு தடவை பாரு, நானும் பாக்குறேன். ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஆனா கொடுக்கத்தான் போறோம்" என்றேன். கொடுத்தோம். அரை மணி நேரத்தில் பூனையின் காது நிமிர்ந்தது. முகவாயைத் துண்டின் மேல் வைத்துக்கொண்டு தூங்கியது. இரண்டு நாளில் அது தூங்கிய முதல் தூக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நூர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் சிறுநீர் வரவில்லை. மாலை வரை ஒரு சொட்டும் இல்லை. விரலால் அடிவயிற்றைத் தடவினால் சிறுநீர்ப் பை காலியாகவே கிடந்தது. ஆறு வீட்டிலிருந்தும் மாற்றி மாற்றிப் போன். "ராணி போயிருச்சா?" "மீனா போயிருச்சா?" ஏழாவது போனில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே ஆள்தான் கூப்பிட வேண்டும், கங்காணி அஞ்சலை மட்டும் என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டத்தை இரண்டு நாள் முன்பே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை காலை விரலை வைத்துப் பார்த்தேன். பை நிறைந்திருந்தது, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு. சிறுநீரகம் வேலை செய்கிறது! நூரைக் கூப்பிட்டு அவள் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இருவரும் குதிக்காத குறை. ஆனால் பூனை வெளியே விடவில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்ட தட்டில் இறக்கிவிட்டால், என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கே திரும்பிப் போனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அடக்கி அடக்கிப் பை இன்னும் இறுகினால் தப்பித்த சிறுநீரகத்துக்கே மறுபடியும் ஆபத்து. அடிவயிற்றை அமுக்கிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். நேற்று வலி மருந்து வேண்டாம் என்றவள்தான் இன்று தடுத்தாள். "தையல் மேலயாம்மா அமுக்கப் போறீங்க? வலிக்கும்மா."

அந்த நேரத்தில் அஞ்சலை போன். விஷயத்தைச் சொன்னேன்.

"எதுல போகச் சொல்றீங்க?"

"காகிதத்துல."

"என்னா டாக்டரம்மா நீங்க? அது பொறந்ததுல இருந்து தேயிலச் செடிக்கு அடியில மண்ணத் தோண்டித்தான் போவும். காகிதத்துல எப்படிப் போவும்? மண்ணு அனுப்புறேன், வைங்க."

இத்தனை வருஷம் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். தோட்டத்துப் பூனையை ஊர்ப் பூனை மாதிரி உட்காரவைத்திருக்கிறேன். வலி இருக்கிற பூனைக்குப் பழக்கமில்லாத இடம் என்றால் அது எதையும் அடக்கிவைக்கும். இதைப் பாடத்திலும் படித்திருக்கிறேன், மேடையிலும் பேசியிருக்கிறேன்.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால், நேற்றே லயத்துக்குத் திரும்பியிருந்த முனியாண்டி அண்ணன், மடியில் உரச்சாக்கு. சாக்கில் லயத்துக்குப் பின்பக்கம், செடி நிரைக்கு அடியில் அள்ளிய ஈரமண், காய்ந்த தேயிலை இலைகளோடு. "பார்வதி கையால அள்ளுனது. கல்லெல்லாம் பொறுக்கிட்டா" என்றார். பெரிய தட்டில் கொட்டினோம். டிரிப் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூர் பூனையை மெல்ல இறக்கினாள்.

பூனை மோந்து பார்த்தது. ஒரு தடவை சுற்றியது. முன்காலால் தோண்டியது. முனியாண்டி அண்ணன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனது. நிறைய, நீண்ட நேரம் போனது. நூர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உங்களுக்கு விதி மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல வராது. வலி மருந்தைக் கையில் கொடுக்கும்போது பூனை யாருடையது என்று கேட்காதீர்கள். காலையில் அது எந்தெந்த வாசலில் போய் நிற்கிறது என்று கேளுங்கள். எல்லா வாசலுக்கும் சேர்த்து ஒரே ஒருவர் கையில் புட்டியைக் கொடுங்கள், கொடுத்ததும் சுவரில் கோடு கிழிக்கச் சொல்லுங்கள். பூனை சோர்ந்து திரும்பி வந்தால், உங்கள் முடிச்சை நினைக்கும் முன்பு புட்டியைத் தூக்கி வெயிலில் பாருங்கள். தவறு நடந்துவிட்டது என்பதற்காக அதை வலியில் போட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான்.

நான் அஞ்சலைக்குப் போன் போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில். நிறுவை நேரம். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"கங்காணிக்கா, போயிருச்சு."

அஞ்சலை போனை வாயிலிருந்து எடுக்காமலே மலைக்கே கேட்கும்படி கத்தினார். "ஏ, மூத்திரம் போயிருச்சாம்!"

கீழ் நிரையில் யாரோ அதைத் திருப்பிக் கத்தினார்கள். அதற்குக் கீழே இன்னொரு குரல். லெட்சுமியின் குரல் தனியாகக் கேட்டது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சித்தி மலாய் மொழியில் ஏதோ சாமி பெயரைச் சொன்னாள். சரிவு முழுக்க ஒரே கூச்சல். அதற்கு மேலே புதிதாக ஒரு சத்தம், படபடவென்று.

"அது என்னா சத்தம்க்கா?" என்று கேட்டேன்.

"மேல ரோட்டுல படம் புடிச்சுக்கிட்டு நின்ன டூரிஸ்ட்டுங்க. நாங்க கத்துறதப் பாத்து அவங்களும் கை தட்டுறாங்க. என்னா ஏதுன்னு கேக்காமலே தட்டுறாங்க லா."

முனியாண்டி அண்ணன் காலிச் சாக்கை மடித்து அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூனை மண்ணை மூடிவிட்டு நூரின் மடியில் ஏறியது. என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த கைத்தட்டல் அது ஒன்றுதான், அதுவும் ஒரு பூனையின் மூத்திரத்துக்கு. போனை வைக்க மனமில்லாமல், அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டே அழுதேன்.